பரண் ஒழிக்கும் நேரம்: எரிக்காமல், குப்பையில் கொட்டாமல் வீட்டைக் காலி செய்ய

மார்கழி பாதியைத் தாண்டினால் தமிழ்நாட்டு வீடுகளில் ஒட்டடைக் கம்பு வெளியே வந்துவிடும். வெள்ளையடிக்கிறோமோ இல்லையோ, பரணில் இருப்பதை ஒரு தடவையாவது இறக்கிப் பார்க்கிறோம். அந்தச் சமயத்தில் உறவினர்களும் அக்கம்பக்கத்தாரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளையும், நான் சொல்லும் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன். நான் பிடிவாதமாக நிற்பது ஒரே விஷயத்தில்தான்: ஒரு பொருள் அடுத்து யார் கைக்குப் போகிறது என்று தெரியாமல் அதை வாசல் தாண்ட விடக் கூடாது. சென்னைக்காரர்கள் தூக்கிப் போட்டதெல்லாம் எங்கும் மறைந்துவிடவில்லை. கொடுங்கையூரிலும் பெருங்குடியிலும் மலையாகக் குவிந்தது. பெருங்குடிக் கிடங்கு இருப்பதோ பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டி.

எங்கிருந்து தொடங்குவது? பரணைப் பார்த்தாலே மலைப்பாக இருக்கிறது.

பரணைக் கடைசிக்கு வையுங்கள். அங்கே இருப்பவை பெரும்பாலும் மனம் ஒட்டிய பொருட்கள். முதல் நாளே அவற்றில் கை வைத்தால் ஒரு பழைய ஆல்பத்தோடு சாயங்காலம் ஆகிவிடும். போகும் இடம் தெளிவாகத் தெரிந்த பொருட்களில் ஆரம்பியுங்கள்: செய்தித்தாள், அட்டைப்பெட்டி, காலி பாட்டில், பால் கவர், ஓட்டைக் குடம். தெருமுனைப் பழைய பேப்பர் கடைக்காரர் இவை எல்லாவற்றையும் எடைக்கு எடுத்துக்கொள்வார். பால் கவரைக் கழுவிக் காயவைத்துச் சேர்த்தால் அதற்கும் காசு உண்டு. சிப்ஸ் பாக்கெட், பிஸ்கட் உறை, தெர்மாகோல் இவற்றை அவர் வாங்க மாட்டார். பல அடுக்குகளை ஒட்டிச் செய்த உறையைப் பிரித்து உருக்குவது கட்டுப்படியாகாது. அவர் எதை வேண்டாம் என்கிறார் என்பதைக் கவனித்தாலே, கடையில் எதை வாங்கக் கூடாது என்பது புரிந்துவிடும்.

அறை அறையாகப் பிரிக்கச் சொல்கிறவர்கள் உண்டு. நான் ஆள் ஆளாகப் பிரிக்கச் சொல்வேன். பேப்பர் கடைக்காரருக்கு ஒரு மூட்டை, பாத்திரக் கடைக்கு ஒன்று, துணி கேட்ட அக்காவுக்கு ஒன்று, நூலகத்துக்கு ஒன்று. யாருக்கு என்று மூட்டையின் மேலேயே எழுதிவிடுங்கள். பெயர் எழுத முடியாத பொருள் மட்டும் நடுக்கூடத்தில் மிஞ்சும். யோசிக்க வேண்டியது அவ்வளவுதான்.

போகியன்று பழசை எரிப்பதுதானே வழக்கம்? அதை ஏன் விட வேண்டும்?

போகியை விட வேண்டாம். எரிப்பது எது என்பதைப் பாருங்கள். முன்பு நெருப்பில் போனவை கிழிந்த கோரைப்பாய், தேய்ந்த துடைப்பம், பழைய ஓலை, முறம். அத்தனையும் மண்ணில் விளைந்தவை; மிஞ்சியது சாம்பல், அதுவும் பாத்திரம் தேய்க்கவோ செடிக்கோ ஆயிற்று. இன்றைக்கு நம் வீட்டில் பழசு என்றால் பாலியஸ்டர் துணி, ரெக்சின் பை, பிளாஸ்டிக் நாற்காலி, டயர். இவற்றை எரிக்கும்போது வரும் கரும்புகையில் நுரையீரலை அரிக்கும் நுண்துகள்களும், பி.வி.சி. கலந்திருந்தால் டையாக்சின் போன்ற நஞ்சும் இருக்கும்.

பருவமும் நமக்கு எதிராக நிற்கிறது. தை பிறக்கும் முன்னான விடியற்காலையில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்திருக்கும், மேலே இருப்பது வெதுவெதுப்பாக இருக்கும். அதனால் புகை மேலே ஏற வழியில்லாமல் பனியோடு கலந்து தெருவிலேயே தங்கும். 2018 போகியன்று சென்னை விமான நிலையத்தில் ஓடுபாதை தெரியாமல் விமானங்கள் தாமதமாயின, சில வேறு ஊர்களுக்குத் திருப்பி விடப்பட்டன. விமானத்துக்கே அந்த நிலை என்றால், தெருவில் ஆஸ்துமாவோடு இருக்கும் குழந்தையையும் முதியவரையும் நினைத்துப் பாருங்கள்.

சாஸ்திரத்துக்குக் கொளுத்த வேண்டும் என்றால் ஒரு பிடி வறட்டியும் ஓலையும் போதும். பிள்ளைகள் மேளம் கொட்டட்டும். டயரையும் துணியையும் எரிக்காமல் ஒப்படைக்கச் சொல்லி மாநகராட்சி பண்டிகைக்கு முன்பே கேட்டு வாங்கிக்கொள்கிறது. தூய்மைப் பணியாளரிடம் இரண்டு நாள் முன்னதாகச் சொல்லி வைத்தால் போதும்.

பழைய துணிகளை என்ன செய்வது? யாருக்குக் கொடுத்தாலும் வாங்க யோசிக்கிறார்கள்.

எல்லாரும் அதிகம் சொதப்புவது இதில்தான் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

2004 சுனாமி முடிந்த வாரங்களில் நாடு முழுவதிலுமிருந்து நம் கடற்கரைக்கு லாரி லாரியாகப் பழைய துணி வந்து இறங்கியது. வீடிழந்து நின்ற மீனவக் குடும்பங்கள் அதில் பெரும்பகுதியைத் தொடவே இல்லை. கிழிந்தது, கறை படிந்தது, அந்த ஊரில் யாரும் உடுத்தாத வகை. அவை சாலையோரத்தில் குவியல் குவியலாகக் கிடந்தன. அன்ஷு குப்தா 1999-இல் தொடங்கிய கூஞ்ச் அமைப்பு தமிழ்நாட்டில் இறங்கி அந்தக் குவியல்களைப் பிரித்து, பயன்படும்படி ஆக்கியது. தானம் என்ற பெயரில் நம் வீட்டுக் குப்பையை இன்னொருவர் தலையில் ஏற்றினால் என்ன ஆகும் என்பதற்கு அதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை.

ஆகவே கொடுக்கும் துணிக்கு ஒரே சோதனைதான்: உங்கள் வீட்டுக்கு வந்த விருந்தாளிக்கு மாற்றுத் துணியாக இதைக் கொடுப்பீர்களா? கொடுப்பேன் என்றால் துவைத்து, பட்டன் வைத்து, மடித்து, யாருக்கான அளவு என்று எழுதிக் கொடுங்கள். பள்ளிச் சீருடைக்கு ஜூன் மாதத்தில் நல்ல தேவை இருக்கும். அதை ஜனவரியிலேயே யார் தலையிலாவது கட்டாமல் அதே பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு எடுத்து வையுங்கள். வீட்டு வேலைக்கு வரும் அம்மாவிடம் கொடுப்பதாக இருந்தால், "எது வேண்டுமோ நீங்களே எடுத்துக்கோங்க, மீதியை நான் பாத்துக்கறேன்" என்று சொல்லுங்கள். மூட்டையாகக் கட்டிக் கையில் திணித்தால் அவர் மறுக்க முடியாமல் வாங்கிப் போய்த் தன் தெருக் குப்பைத்தொட்டியில்தான் போட வேண்டி வரும்.

சோதனையில் தேறாத துணியில் பருத்தியைத் தனியே எடுங்கள். நைந்த வேட்டி, உள்பாவாடை, பருத்திச் சேலை, பெட்ஷீட் இவற்றின் மென்மைக்கு ஈடு கிடையாது. கைக்குழந்தைக்குத் தூளி, துண்டுத் துணி, சமையலறைக் கரித்துணி என்று இதற்கு நம் வீடுகளில் எப்போதும் இடம் இருந்தது. கூஞ்ச் போன்ற அமைப்புகள் சுத்தமான பழைய பருத்தித் துணியிலிருந்து மாதவிடாய்த் துணிப்பட்டைகள் செய்கின்றன. இருசக்கர வாகனப் பட்டறையில் எண்ணெய் துடைக்கப் பனியன் வேஸ்ட்டைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள். உங்கள் பழைய பனியனைக் கொண்டுபோய்க் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள்.

தெருவில் "பழைய துணிக்குப் பாத்திரம்" என்று கூவி வருபவர்களை நான் பெரிதும் மதிக்கிறேன். அவர்கள் வாங்கும் துணியில் தேறுவதைத் துவைத்து, தைத்து, சந்தையில் விற்பார்கள். மறுபயன்பாட்டை நாம் பேசுவதற்கு வெகுகாலம் முன்பே அதைத் தொழிலாகச் செய்தவர்கள். ஒரு சின்னக் கிண்ணத்துக்காக அவர்களிடம் அரை மணி நேரம் பேரம் பேசாதீர்கள்.

மிஞ்சுவது பாலியஸ்டர் கந்தல். கம்பளி கலந்த பழைய துணியை நாராக்கி மறுபடி நூற்கும் தொழில் ஹரியானாவின் பானிப்பட்டில் பெரிதாக நடக்கிறது; ஆனால் ஒரு வீட்டு மூட்டை அங்கே போய்ச் சேர வழி சிக்கலானது. துணி சேகரிக்கும் மையம் ஊரில் இருந்தால் அங்கே கொடுங்கள். இல்லையென்றால் தலையணைக்குள் திணிக்கலாம். இந்தக் கந்தலுக்கு நல்ல முடிவு இல்லை என்பதுதான் உண்மை. அடுத்த சேலை வாங்கும்போது அது நினைவில் இருக்கட்டும்.

அம்மாவின் பழைய பட்டுப்புடவைகள் மடிப்பில் கிழிகின்றன. "ஜரிகைக்கு எடுத்துக்கொள்கிறோம்" என்கிறார்களே, கொடுக்கலாமா?

அசல் ஜரிகை என்பது பட்டு நூல் மேல் வெள்ளி இழை சுற்றி, பொன்முலாம் பூசியது. புடவையை எரித்து வெள்ளியைப் பிரித்தெடுப்பதற்காகவே அவர்கள் வாங்குகிறார்கள். அதனால் எடைக்கும் வெள்ளி அளவுக்கும்தான் விலை, நெசவுக்கு மதிப்பில்லை. கொடுப்பதாக இருந்தால், கண் முன்னால் சோதித்துச் சொல்லும் இரண்டு கடைகளிலாவது விலை கேளுங்கள். ஜரிகை போலியாக இருந்தால் எதுவும் தேறாது.

எனக்கு இது கடைசி வழிதான். உடல் நைந்தாலும் கரையும் முந்தானையும் பெரும்பாலும் உறுதியாக இருக்கும். தையல்காரரிடம் கொடுத்தால் குழந்தைக்குப் பட்டுப்பாவாடை, ரவிக்கை, கொலுப்படிக்கு விரிப்பு ஆகும். கிழியாத புடவை என்றால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றி மடியுங்கள், பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். ஒரே மடிப்பில் வருடக்கணக்கில் கிடப்பதால்தான் அந்த இடத்தில் விட்டுப் போகிறது.

பாட்டியின் பித்தளை, வெண்கலப் பாத்திரங்கள் யாரும் புழங்காமல் கிடக்கின்றன. எடைக்குப் போட்டுவிடலாமா?

அவசரப்படாதீர்கள். எடைக்குப் போட்டால் உலோக விலைதான் வரும்; அதே கனத்தில் இன்று புதிதாக வாங்கப் போனால் பல மடங்கு ஆகும். பித்தளையில் புளியும் மோரும் பட்டால் களிம்பு ஏறும் என்பதால் உள்ளே ஈயம் (அதாவது வெள்ளீயம்) பூச வேண்டும். ஈயம் பூசுகிறவர்கள் குறைந்துவிட்டார்கள் என்றாலும் கோயில் நகரங்களின் பாத்திரக் கடைத் தெருவில் விசாரித்தால் கிடைப்பார்கள். வெண்கலப் பானையில் பொங்கல் வைக்கலாம். வெள்ளீயச் சொம்பில் ரசம் வைப்பவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது: வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகிவிடும், அதனால் திரவம் ஊற்றிய பிறகுதான் அடுப்பில் ஏற்ற வேண்டும்.

பத்து அண்டா இருந்தால் பத்தையும் காப்பாற்ற வேண்டும் என்பதில்லை. புழங்கப் போகும் இரண்டை வைத்துக்கொண்டு, மற்றதை உறவில் ஆசையாகக் கேட்பவர்களுக்கோ, அன்னதானம் நடக்கும் கோயிலுக்கோ கொடுங்கள். அங்கே அண்டாவுக்கு எப்போதும் வேலை இருக்கும்.

பழைய டிவி, மிக்சி, செல்போன்?

2006 முதல் அரசு கொடுத்த 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சி, 2011 முதல் கொடுத்த மின்விசிறி, மிக்சி, கிரைண்டர், மாணவர்களுக்கு வந்த மடிக்கணினி என்று தமிழ்நாட்டு வீடுகளில் மின்சாதனங்கள் சேர்ந்ததற்குத் தனிக் கதை உண்டு. ஓடும் நிலையில் இருக்கும் மிக்சியும் மின்விசிறியும் புதிதாகக் குடித்தனம் தொடங்குபவருக்கு அப்படியே பயன்படும். ஓடாவிட்டாலும் முதலில் பழுதுபார்ப்பவரிடம் காட்டுங்கள். மிக்சியில் கார்பன் பிரஷ், மின்விசிறியில் கண்டென்சர் மாற்றினாலே பாதிக்கு மேல் உயிர் பெற்றுவிடும். சென்னையில் ரிச்சி தெருவும் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையும் பழைய சாதனங்களுக்கும் உதிரிபாகங்களுக்கும் பேர் போனவை.

பழைய குழாய் டிவி மட்டும் வேறு விவகாரம். அதன் கண்ணாடியில் நஞ்சான காரீயம் கலந்திருக்கிறது. செம்புச் சுருளுக்காக அதை உடைத்துவிட்டுக் கண்ணாடியைக் காலிமனையில் வீசிவிடுகிறார்கள். வயரை எரித்துச் செம்பு எடுக்கும்போது எழும் புகையும் கொடியது, அதைச் சுவாசிப்பவர் அந்த வேலையைச் செய்யும் ஏழைதான். எனவே இரும்புக் கடைக்குப் போட வேண்டாம். 2022-இல் அறிவித்து 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த மின்கழிவு விதிகள், விற்ற பொருளுக்கு ஈடாகக் கழிவை மறுசுழற்சி செய்யும் பொறுப்பைத் தயாரிப்பாளர் மேல் வைத்திருக்கின்றன. புது டிவி வாங்கும்போது பழையதை எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள், அல்லது மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவான மறுசுழற்சியாளரிடம் சேருங்கள். இன்வெர்ட்டர் பேட்டரியை விற்ற கடையே விலை கொடுத்துத் திரும்ப எடுக்கும்.

செல்போனைக் கொடுக்கும் முன் கணக்குகளிலிருந்து வெளியேறி, உள்ளிருப்பதை முழுதாக அழித்துவிடுங்கள். பேட்டரி உப்பிய போனை அலமாரியில் வைத்திருக்க வேண்டாம், தீப்பிடிக்கக்கூடும்.

மாத்திரை டப்பாவில் பாதி காலாவதி. கழிவறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றிவிடலாமா?

பொதுவாகக் கூடாது. குறிப்பாக ஆன்டிபயாட்டிக் சாக்கடையில் கலந்தால் மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருக வழி செய்கிறோம். மிகக் கடுமையான வலிநிவாரணிகள் போன்ற சில மருந்துகளை மட்டும் வேறு யாரும் எடுத்துச் சாப்பிட்டுவிடக் கூடாது என்பதற்காகத் தண்ணீரில் விடச் சொல்லி மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2025-இல் ஒரு தனிப் பட்டியல் கொடுத்தது. புற்றுநோய் வலிக்குத் தோலில் ஒட்டும் மருந்துப் பட்டை போடும் வீடுகள் மருத்துவரிடம் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். மற்றவற்றை அட்டையிலிருந்து பிரித்து, காபித் தூள் சக்கையோடு கலந்து, மூடி போட்ட டப்பாவில் அடைத்து, அபாயக் கழிவு என்று சொல்லித் தூய்மைப் பணியாளரிடம் தனியே கொடுங்கள். இன்சுலின் ஊசியைக் கெட்டியான பாட்டிலில் போட்டு மூடிக் கொடுக்க வேண்டும். குப்பையைக் கையால் பிரிப்பவர் ஒருவர் இருக்கிறார். டியூப்லைட், சி.எஃப்.எல். பல்பு, மிச்சமான பெயிண்ட் டப்பா, பாதரச வெப்பமானி எல்லாம் இதே வகைதான். உடைக்காமல் கொடுங்கள்.

காகிதக் குப்பைதான் அதிகம். எதைக் கிழிக்கலாம், எதை வைக்க வேண்டும்?

மூலப்பத்திரம், கிரயப் பத்திரம், பட்டா, பிறப்பு, இறப்பு, வாரிசுச் சான்றுகள், மதிப்பெண் பட்டியல், கடன் முடிந்ததற்கான வங்கிக் கடிதம், இவை என்றைக்கும் வேண்டும். வருமான வரிக் கணக்குகளை ஏழெட்டு ஆண்டு வைத்துக்கொண்டால் போதும். மின்கட்டண ரசீது, மளிகை பில், போன் பில் எல்லாம் போகலாம். ஆதார் நகல், வங்கிக் கணக்கு விவரம் உள்ளவற்றைக் கிழித்துத் தண்ணீரில் ஊறவைத்துக் கூழாக்கிப் போடுங்கள். எடைக்குப் போட்ட தாள் பஜ்ஜி மடித்துக் கொடுக்கும் காகிதமாகத் திரும்பி வருவதை எல்லாரும் பார்த்திருக்கிறோம்.

ஆனால் "பழசு" என்று ஒரே பேச்சில் தள்ளக் கூடாத காகிதங்கள் இருக்கின்றன. வீட்டில் யாருக்கும் படிக்கத் தெரியவில்லை என்பதற்காக ஆடிப்பெருக்கில் ஏட்டுச் சுவடிகளை ஆற்றில் விட்ட குடும்பங்களைப் பற்றி உ.வே.சாமிநாதையர் நெஞ்சு வெதும்பி எழுதியிருக்கிறார். அவர் தேடிப் போவதற்குள் எத்தனை நூல்கள் அழிந்து போயினவோ. நம் பரணிலும் அப்படி ஏதாவது இருக்கலாம்: தாத்தாவின் கடைப் பேரேடு, பர்மாவிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ வந்த கடிதங்கள், நாடக நோட்டீசு, கல்யாணப் பத்திரிகை, நின்றுபோன சிறுபத்திரிகை. கோட்டையூர் ரோஜா முத்தையா இப்படிப்பட்டவற்றை வாழ்நாளெல்லாம் தேடித் தேடிச் சேர்த்தார். 1992-இல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரத்தை வாங்கியது. 1994-இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவாயிற்று. இன்று தரமணியில் ஆய்வாளர்கள் பக்கம் பக்கமாகப் புரட்டுவது, யாரோ ஒருவர் வீட்டில் எடைக்குப் போயிருக்க வேண்டிய தாள்களைத்தான். இலங்கைத் தமிழரின் ஆவணங்களை நூலகம் நிறுவனம் மின்வடிவாக்கிப் பொதுவில் வைக்கிறது. உங்களிடம் இருப்பது முக்கியமானதா என்று தெரியாவிட்டால், நாலைந்து பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பிக் கேட்டுவிட்டு அப்புறம் முடிவு செய்யுங்கள்.

புத்தகங்கள்?

படிக்கப்போகிறவரைத் தேடிக் கொடுங்கள். பாடப்புத்தகமும் போட்டித்தேர்வு நூலும் பாடத்திட்டம் மாறும் முன்பே கைமாற வேண்டும். மற்றவற்றுக்கு ஊர்ப்புற நூலகம், அரசுப் பள்ளி, சிறைச்சாலை நூலகம் இருக்கின்றன. சென்னைப் புத்தகக் காட்சியில் சிறைத்துறையே அரங்கு அமைத்துக் கைதிகளுக்காகப் புத்தகங்களைப் பெற்றிருக்கிறது. திருவல்லிக்கேணி நடைபாதைக் கடைகளிலும் வாங்கிக்கொள்வார்கள். கரையான் அரித்ததை மட்டும் எங்கும் கொடுக்காதீர்கள், நல்லதையும் சேர்த்து அரித்துவிடும்.

கண்ணாடி உடைந்த சாமி படங்கள், கொலு பொம்மைகளை எங்கே வைப்பது?

அரசமரத்தடியிலும் ஆற்றங்கரையிலும் கொண்டுபோய் வைப்பதைப் பார்க்கும்போது எனக்கு மனசு கேட்பதில்லை. கும்பிட்ட படத்தை நாய் படுக்கும் இடத்தில் விட்டுவிட்டு வருகிறோம், கண்ணாடிச் சில் யார் காலிலோ ஏறுகிறது. படம் நன்றாக இருந்தால் சட்டக்கடையில் கண்ணாடி மட்டும் மாற்றலாம். மங்கிவிட்டது என்றால் சட்டத்தையும் கண்ணாடியையும் பிரித்துவிட்டு, காகிதத்தை ஒரு விளக்கேற்றி வணங்கி, வாளித் தண்ணீரில் ஊறவைத்துக் கரைத்து, கால்படாத இடத்தில் செடிக்கு அடியில் சேர்த்துவிடுங்கள். வர்ணம் பூசாத களிமண் பிள்ளையார் அப்படியே கரைவார். வர்ணம் பூசிய பொம்மையைக் குளத்தில் போடக் கூடாது. கை உடைந்த செட்டியார் பொம்மையை ஒட்டி வர்ணம் தீட்டினால் இன்னும் பல கொலு பார்க்கும்.

"பின்னாடி தேவைப்படும்" என்று அப்பா ஒன்றையும் விடமாட்டேன் என்கிறார்.

அவர் சொல்வதை முதலில் மதியுங்கள். ஆணி, கம்பி, சணல், காலி ஹார்லிக்ஸ் பாட்டில் என்று சேர்த்து வைத்த தலைமுறை, கடைக்கு ஓடினால் எல்லாம் கிடைக்கும் என்ற நிலையில் வளரவில்லை. அவர் இல்லாத நேரத்தில் எடுத்துப் போடுவது நம்பிக்கையைக் கெடுக்கும். அதற்குப் பிறகு இன்னும் இறுக்கிப் பிடிப்பார். ஒரே வகையில் நிறைய இருப்பதை அவர் முன்னாலேயே பரப்பி, நல்லதாக ஐந்தை அவரையே எடுக்கச் சொல்லுங்கள். "யாரோ ஒருவருக்கு" என்றால் மறுப்பவர், "எலெக்ட்ரீஷியன் முருகனுக்கு இந்த ஒயர் வேணுமாம்" என்றால் தாமே எடுத்துக் கொடுப்பார். பொருள் வீணாகாது என்று தெரிந்தால் பெரியவர்களுக்குப் பிரிவது எளிது.

அடுக்கி வைக்கப் புதிதாகப் பிளாஸ்டிக் டப்பாக்கள் வாங்கலாமா?

வேண்டாம். வேண்டாததைக் கழித்த பிறகு பாருங்கள், இருக்கும் டப்பாக்களிலேயே பாதி காலியாக நிற்கும்.

அடுத்த மாதம் வீடு மாறுகிறோம். இவ்வளவு யோசிக்க நேரமில்லையே?

அப்படியானால் பெரியதிலிருந்து தொடங்குங்கள். கடைசி நாளில் தெருவில் போய் நிற்பவை கட்டில், மெத்தை, பீரோ, சோபா இவைதான். புதிதாகக் குடிவருபவரிடம் முதலில் கேளுங்கள். பிறகு வாட்ஸாப்பில் குடியிருப்போர் குழுவில் படத்தோடு போடுங்கள், இலவசம் என்றால் அன்றைக்கே ஆள் வரும். இலவம்பஞ்சு மெத்தையைப் பஞ்சு அடித்து உறை மாற்றிப் புதிதாக்கலாம். ஃபோம் மெத்தைக்கு அந்த வழி இல்லை. சென்னையில் பழைய மரச்சாமான், மெத்தை, துணியைச் சனிக்கிழமைகளில் வீட்டுக்கே வந்து எடுத்துச்செல்லும் ஏற்பாட்டை மாநகராட்சி 2025-இல் தொடங்கியது. 1913 என்ற தொலைபேசி எண்ணில் பதிவு செய்யலாம். ஆனால் அது கழிவை அகற்றும் சேவை. ஆகவே நல்ல பொருளை அதில் ஏற்றாதீர்கள். 2023-இல் நகராட்சிகள் மறுபயன்பாட்டுக்கென்று திறந்த சேகரிப்பு மையம் உங்கள் ஊரில் இயங்குகிறதா என்று வார்டு அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள். பத்திரங்களும் ஆல்பங்களும் உள்ள பையை மட்டும் லாரியில் ஏற்றாமல் கையோடு எடுத்துச் செல்லுங்கள். அவற்றைப் புது வீட்டில் உட்கார்ந்து பிரித்துக்கொள்ளலாம்.